நோவுக்கு மட்டும் பார்சி

அமெரிக்காவில், பிளசன்டனில் மகள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த நாலாம் நாள், குப்பைப் பையைப் போட்டுவிட்டு வரலாம் என்று வெளியே வந்தேன். பின்னால் கதவு சாத்திக்கொண்டது. தள்ளினேன், இழுத்தேன், ஒன்றும் நடக்கவில்லை. அந்த ஊர்க் கதவு தானாகவே பூட்டிக்கொள்ளும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஈரோட்டில் முப்பத்திரண்டு வருஷம் மெஸ் நடத்தியவள் நான். காலையில் திறந்தால் ராத்திரி வரைக்கும் என் கதவு திறந்தே கிடக்கும். பூட்டிய கதவுக்கு வெளியே நின்றது அன்றைக்குத்தான்.

மணி ஒன்பது. மகள் கவிதாவும் மருமகன் பிரபுவும் ஆறு மணிக்கு முன்னால் வரமாட்டார்கள். இரண்டாயிரமாவது வருஷம் பிறக்கும்போது கம்ப்யூட்டரெல்லாம் குழம்பிப்போகும் என்று சொல்லி, அந்த வருஷம் இரண்டு பேருக்கும் ஆபீஸே கதி. படியில் உட்கார்ந்தேன். எழுந்தேன். கார்கள் நிற்கும் இடத்தைச் சுற்றி வந்தேன். ஒரு மனுஷர் கண்ணில் படவில்லை. எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. மறுபடியும் சுற்றினேன்.

மூன்றாவது சுற்றில் எங்களுக்கு நேரெதிர்க் கதவு திறந்தது. என் வயதிருக்கும் ஓர் அம்மாள், வெள்ளை முடியைக் குட்டையாக வெட்டி, பூப்போட்ட நீள அங்கி போட்டிருந்தார். என்னைப் பார்த்தார், சாத்திய கதவைப் பார்த்தார், சிரித்துவிட்டு என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார்.

அன்று ஒன்பது மணி நேரம் அவர் வீட்டில் இருந்தேன். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவர் பேச்சு தெரியாது, இரண்டு பேருக்கும் இங்கிலீஷ் தெரியாது. சின்னக் கண்ணாடி டம்ளரில் பாலில்லாத சிவப்பு டீ கொடுத்தார். பால் விடாததை நான் டீ என்று ஒப்புக்கொள்வதில்லை. இருந்தாலும் குடித்தேன். மத்தியானம் சோறு. சட்டியைத் தட்டில் கவிழ்த்து, அடிப்பிடித்த பாகத்தை உடைத்து முதலில் எனக்கு வைத்தார். எங்கள் மெஸ்ஸில் சோறு அடிப்பிடித்தால் அன்றைக்குச் சமையல்காரருக்குப் பூசைதான். இங்கே அதுதான் விருந்தாளிக்கு! கடித்துப் பார்த்தேன். நெய் மணம், முறுக்கு மாதிரி மொறுமொறுப்பு. பேசாமல் சாப்பிட்டேன். அவர் தட்டில் இரண்டே கரண்டி, டீயும் அரை டம்ளர்தான். வயதானால் பசி குறையும் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் கவிதா வந்து குதித்தாள். "யாருன்னே தெரியாதவங்க வீட்டுல நாள் பூரா உக்காந்திருப்பீங்களாம்மா?"

"நீ தானாப் பூட்டிக்கற கதவ வெச்சுட்டுப் போவே, நா தெருவுல நிக்கோணுமா?"

பிரபு நடுவில் வந்தார். "ஈரான்காரங்க அத்தை. பேசறது பார்சி. அவங்க பேரு மஹீன். அவங்க ஊர்ல பெரிய பொம்பளைங்கள கானும்னு மரியாதையாச் சொல்லுவாங்க. பையன் பெஹ்ரூஸ் டிரை கிளீனிங் கடை வெச்சிருக்காரு. நல்ல மனுஷன்."

மஹீன் கானும் எனக்கு ஒரு கிண்ணத்தில் சோறு கொடுத்தனுப்பியிருந்தார். பிறத்தியார் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுப்பது எங்களில் இல்லை. மறுநாள் அதில் தக்காளி ரசமும் இன்னொன்றில் கீரைக் கடைசலுமாக எடுத்துக்கொண்டு போனேன். அவர் நெஞ்சில் கை வைத்து, "ந, ந, மெர்சி" என்றார். வேண்டாம், நன்றி. நான் விடுவேனா? எங்கள் மெஸ்ஸில் போதும் என்று இலைக்குக் குறுக்கே கை நீட்டுவார்கள். அந்தக் கைக்குத் தப்பி ஒரு கரண்டி விழ வேண்டும், அதுதான் உபசாரம். சொன்னதும் நிறுத்திவிட்டால், "நாச்சம்மாக்கா இன்னிக்கு மொகங்குடுக்கல" என்று கோபித்துக்கொண்டு போவார்கள். மஹீன் கானும் மூன்று தடவை வேண்டாம் என்றார். நாலாவது தடவை வாங்கிக்கொண்டார். அவர் குடித்து முடிக்கிற வரைக்கும் எதிரில் நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

என் பாத்திரமும் வெறுமனே திரும்பவில்லை. பேரீச்சம்பழம், பிஸ்தா, குங்குமப்பூ போட்ட பால்சோறு என்று ஏதாவது வரும். அவர்களிலும் அதே வழக்கம்போல. அப்புறம் கேட்கவேண்டுமா? மூன்று வாரம் அந்தப் பத்தடி வராந்தாவில் பாத்திரங்கள் நடையாய் நடந்தன. உருளைக்கிழங்கு வறுவல் கொண்டுபோனேன். வாழைப்பழம் பிசைந்து பணியாரம் சுட்டுக் கொண்டுபோனேன். சீனாக்காரர் கடையில் டப்பாவில் இளநீர் கிடைத்தது, அதையும் கொண்டுபோனேன். ஒவ்வொரு தடவையும் மூன்று வேண்டாம், அப்புறம் சாப்பாடு.

திங்கள், புதன், வெள்ளி காலையில் ஒரு வெள்ளை வேன் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போகும். வெள்ளிக்கிழமையும் சேர்ந்திருந்ததால் தொழுகைக்குப் போகிறார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். இடது முன்கையில் கயிறு திரித்த மாதிரி நரம்பு புடைத்திருந்தது. அண்டா தூக்கித் தூக்கி என் கையும் அப்படித்தான் இருக்கும். அதையும் கேட்கவில்லை.

மூன்றாம் வாரம் ஞாயிற்றுக்கிழமை, எதிர் வீட்டு வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. நான் செருப்பு மாட்டி இறங்குவதற்குள் போய்விட்டது. அன்றைக்கும் மறுநாளும் எனக்கு ஓரிடத்தில் கால் தரிக்கவில்லை. அடுப்பைத் துடைத்தேன். துடைத்த அடுப்பையே மறுபடியும் துடைத்தேன்.

திங்கள் சாயங்காலம் பெஹ்ரூஸ் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், சவரம் செய்யாத முகம். என்னைப் பார்த்து நெஞ்சில் கை வைத்து ஏதோ நீளமாகச் சொன்னார். பிறகு அதையே இங்கிலீஷில் பிரபுவிடம் சொன்னார்.

"சமைச்சுக் குடுத்த உங்க கை நோகாம இருக்கோணுமாம் அத்தை. அவங்க பாஷையில நன்றி சொல்றது அப்படித்தானாம்."

"அது கெடக்கட்டும். அந்தம்மாவுக்கு என்ன?"

பிரபு கேட்டுக்கேட்டுச் சொன்னார். "ரெண்டு கிட்னியும் வேலை செய்யறதில்லையாம், குடிக்கற தண்ணி வெளிய போகாம ஒடம்புலயே தங்கீருமாம். வாரத்துல மூணு நாள் அந்தக் கை நரம்புல ஊசி குத்தி, மெஷின்ல வெச்சு ரத்தத்தச் சுத்தம் பண்றாங்களாம். அந்த வேன் அதுக்குத்தானாம். நேத்து ரத்தத்துல பொட்டாசியம் ஏறிப்போயி, ஹார்ட் தாறுமாறா அடிச்சுதாம். இப்பப் பொழைச்சுக்கிட்டாங்க."

"பொட்டாசியம்னா?"

"ஒரு உப்பு மாதிரி. நம்ம ஒடம்பு வெளிய தள்ளீரும், அவங்களுக்குத் தள்ளாது. தக்காளி, கீரை, உருளக்கெழங்கு, வாழப்பழம், எளநி, இதுலயெல்லாம் ஜாஸ்தியாம்."

நான் கொண்டுபோனதை ஒன்று விடாமல் அவர் வாசித்த மாதிரி இருந்தது.

"அந்தம்மா எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்ல?"

பிரபு கேட்கத் தயங்கினார். கேளுங்கள் என்றேன். பெஹ்ரூஸ் தரையைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார்.

"மூணு தடவை வேண்டாம்னு சொன்னாங்களாம் அத்தை. நாலாவது தடவையும் நீங்க நீட்டினா, அதுக்கு மேல மறுக்கறது உங்கள அவமானப்படுத்தற மாதிரியாம். அவங்க வழக்கம் அப்படி. ஆனா உங்க ரசம் ரொம்பப் பிரமாதம்னு ஆஸ்பத்திரியிலயும் சொல்லீட்டிருக்காங்களாம்."

அந்த மனிதர் என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் போனபிறகு கவிதா ஆரம்பித்தாள்.

"இனி அந்தப் பக்கம் போகவே கூடாது. இது ஈரோடு இல்லம்மா. ஏதாவது ஆயிருந்துதுன்னா நம்ம மேல கேஸ் போட்டிருப்பாங்க. சூ பண்ணீருவாங்க, தெரியுமா?"

"போடட்டும். நா போயிக் கோர்ட்டுல நின்னு ஆமா, நாந்தேன் குடுத்தேன்னு சொல்றேன்."

"உங்களோட பேச முடியாது."

அன்று படுத்தவளுக்குத் தூக்கமில்லை. அவரிடம் போகாமல் இருப்பது சுலபம். ஆனால் வேறு யாராவது அடுத்த தட்டை நீட்டுவார்கள், அவர் வாங்கிக்கொள்வார். அந்த அம்மாளுக்கு நிஜமான வேண்டாம் சொல்ல வரவில்லை. எனக்கு நிஜமான வேண்டாம் காதில் ஏறவில்லை. இது இரண்டு பேர் குற்றம். என் பங்கை நான்தான் சரிசெய்ய வேண்டும்.

காலையில் கவிதா குளிக்கப் போன நேரம் பார்த்து, மாப்பிள்ளையிடம் ஒரு காகிதத்தில் எழுதி வாங்கினேன். சிறுநீரகம், ரத்தம், உப்பு, தண்ணீர், வீக்கம், வலி, மூச்சு, தலைசுற்றல், எல்லாம் இங்கிலீஷில்.

"என்னங்கத்தை இது, பரிட்சைக்கா?"

"ஆமா. உங்க சம்சாரத்துகிட்டச் சொல்லிப்போடாதீங்க."

பெஹ்ரூஸ் கடைக்குக் கிளம்புகிற நேரத்தில் அவர் காருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். காகிதத்தை நீட்டினேன், கையோடு கொண்டுபோன நோட்டைத் திறந்தேன், என் காதைத் தொட்டுக் காட்டினேன். அவர் அதைப் படித்தார், என்னைப் பார்த்தார். பிறகு கார்க் கதவைச் சாத்திவிட்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். எனக்கு எழுத்து கூட்டித்தான் வரும், மளிகைச் சிட்டை எழுதிப் பழகிய கை. கேட்டதைக் கேட்டபடி தமிழில் எழுதினேன். கிட்னிக்குக் கோல்யே. ரத்தம் கூன். தண்ணீர் ஆப். வலி தர்த். மூச்சு நஃபஸ். தலைசுற்றல் சர்கீஜே. உப்புக்கு நமக் என்றார். ஈரோட்டு ஜவுளிச் சந்தைக்கு வந்து என்னிடம் சாப்பிட்ட வடக்கத்தி வியாபாரிகளும் நமக் என்றுதான் கேட்பார்கள். வீக்கத்துக்கு வரம் என்றார். எங்கள் பக்கம் வரம் கேட்டு மலையேறுவோம், இங்கே அது காலில் வருகிறது. பொட்டாசியம் மட்டும் எல்லார் வாயிலும் பொட்டாசியம்தான்.

அவர் தினம் பத்து நிமிஷம் அப்படி நின்று சொல்லிக்கொடுத்தார். பகலெல்லாம் நான் நடந்துகொண்டே சொல்லிப் பார்ப்பேன். அபார்ட்மெண்டைச் சுற்றி ஒரு நடைபாதை இருந்தது. ஒரு சுற்றுக்கு ஒரு சொல். நாய் கூட்டிப் போகிறவர்கள் என்னைப் பார்த்துக் கையாட்டுவார்கள். நானும் "சர்கீஜே" என்று சொல்லிக்கொண்டே கையாட்டுவேன்.

நாலு நாள் கழித்து மஹீன் கானும் வீடு திரும்பினார். வெறுங்கையோடு அவர் வீட்டுக்குப் போனது அதுதான் முதல் தடவை. இளைத்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து டீக் கெட்டிலைத் தேடினார். நான் அவரைப் பிடித்து உட்காரவைத்து நோட்டைத் திறந்தேன்.

"தர்த்?"

அவருக்கு ஆச்சரியம். "கூபம், கூபம்" என்றார். நலமாக இருக்கிறேன்.

"நஃபஸ்?"

"கூபம், மெர்சி."

"வரம்?"

"கூபம்."

நான் குனிந்து அவர் கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தேன். அழுத்திய இடம் பிசைந்த மாவு மாதிரி குழியாக நின்றது. குழியைக் காட்டி, "வரம்" என்றேன். அவர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்து, சின்னக் குரலில், "வரம்" என்றார். அவர் ஒப்புக்கொண்ட முதல் நோவு அது.

துணைக்கு ஒருவர் வேனில் வரலாம் என்று பெஹ்ரூஸ் விசாரித்துச் சொன்னார். கவிதா மறுபடியும் சண்டைக்கு வந்தாள். "நீங்க எங்களோட இருக்கத்தான வந்தீங்க?"

"நீங்க வீட்டுல எங்க கண்ணு இருக்கறீங்க? நா செவுத்தோட இருக்கறேன்."

 மறுநாள் காலையில் என் கைப்பைக்குள் வீட்டு விலாசம் எழுதிய அட்டையும் சாவியும் இருந்தன.

ரத்தம் சுத்தம் பண்ணுகிற அந்த இடம் ஒரு பெரிய ஹால். சலூன் நாற்காலி மாதிரிச் சாய்வு நாற்காலிகள் வரிசையாக. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஓர் இயந்திரம், அதில் சுற்றும் குழாயில் ரத்தம். எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளிக்கு நாலு பேர் பாயும் சோற்றுத் தூக்குப்போசியுமாக வந்து உட்காருவோம். இங்கே ஒவ்வொருவரும் தனியாகப் படுத்து டிவி பார்த்தார்கள். நாலு மணி நேரம் உட்கார என்னால் ஆகவில்லை. வரிசையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். ஒரு நர்ஸ் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தேன், அவள் திரும்பியதும் எழுந்துகொண்டேன்.

மெஷினைப் பார்த்துக்கொள்ளும் பெண் ஃபரீதா ஆப்கானிஸ்தான்காரி. அவள் பேச்சும் மஹீன் கானும் பேச்சும் கிட்டத்தட்ட ஒன்றே. பிறகென்ன கவலை என்று நினைத்தேன். கவலையே அங்கேதான் இருந்தது. ஃபரீதா எப்படி இருக்கிறீர்கள் என்பாள். இவர் நலம், நீ நலமா, அம்மா நலமா, உன் கை நோகக்கூடாது என்பார். அவள் பதிலுக்கு நெஞ்சில் கை வைப்பாள். இவர் மறுபடியும் வைப்பார். அந்த மரியாதைக்கு நடுவில் வலிக்கு இடமே இல்லை. மூச்சு முட்டியதை, கால் இழுத்துக்கொண்டதை, எத்தனை டம்ளர் குடித்தார் என்பதை, ஒன்றையும் சொல்லமாட்டார். அந்தப் பெண்ணுக்கு மனக்கஷ்டம் கொடுக்கக்கூடாதாம், பெஹ்ரூஸிடம் கேட்டுப் பிரபு சொன்னார்.

நான் நோட்டைப் பிரித்து ஃபரீதாவிடம் வாசித்தேன். "ஆப், ஆறு" என்று ஆறு விரல் காட்டினேன். "வரம். சர்கீஜே." மஹீன் கானும் என்னை முறைத்தார். ஃபரீதா சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டாள்.

என் நோட்டில் இருந்த பார்சியில் மரியாதைச் சொல் ஒன்றுகூடக் கிடையாது. வலி, வீக்கம், ரத்தம், மூச்சு, அவ்வளவுதான். அதனால் என்னோடு பேசினால் அவருக்கும் வேறு வழியில்லை. வேனில் போகும்போது நான் ஒரு சொல்லைச் சொல்லி உடம்பில் எங்கே என்று கேட்பேன். முதலில் உதட்டைச் சுழிப்பார். பிறகு காட்டுவார். என்னைக் காஹர் என்று கூப்பிட ஆரம்பித்தார். சகோதரி என்று அர்த்தமாம். நோட்டில் இல்லாத சொல் அது. டீயைக் குறைத்தார். காலில் குழி குறைந்தது. நானும் தக்காளியில்லாமல், உப்பில்லாமல் வெள்ளரிக்காய்க் கூட்டு ஒன்று செய்தேன். இரண்டு கரண்டி வைத்தேன், அவர் வேண்டாம் என்ற முதல் தடவையே கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். 

நடுவில் பத்து நாள் மகன் வீட்டுக்கு நியூஜெர்சி போகவேண்டி வந்தது. பிளெய்ன்ஸ்பரோவிலும் அதே மாதிரி அபார்ட்மெண்ட், அதே பூட்டிக்கொள்கிற கதவு. மருமகள் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாள். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. தினம் பிளசன்டனுக்குப் போன் போட்டுத் தரச் சொல்வேன்.

"ஆப்?"

"சே." மூன்று டம்ளர்.

"வரம்?"

"ந, காஹர். கூபம்."

போனில் கட்டைவிரலை அழுத்திப் பார்க்க முடியுமா? மகன், "யாருங்கம்மா அது, என்ன பாஷை பேசறீங்க?" என்று வாயைப் பிளந்தான்.  மஹீன் கானும் கூபம் என்று சொன்ன வேகம் எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிளசன்டன் திரும்பினேன். திங்கள் காலை மஹீன் கானும் வேனுக்காக இறங்கி வந்தார். முகம் உப்பியிருந்தது. செருப்பின் வார் காலை அறுத்திருந்தது. சனி, ஞாயிறு அவர் வீட்டில் சொந்தக்காரர்கள் என்று பிறகு தெரிந்தது. தர்ப்பூசணி வெட்டியிருக்கிறார்கள், டீ ஊற்றியிருக்கிறார்கள். விருந்தாளிகளோடு சேர்ந்து குடிக்காமல் இருந்தால் மரியாதையாகுமா? மூன்று படி இறங்க நாலு தடவை நின்றார்.

"நஃபஸ்?" என்றேன்.

"கூபம்" என்றார். சொல்லிமுடிக்க மூச்சு போதவில்லை.

வழக்கமான டிரைவர் அன்று லீவு. புதிதாக ஒரு சின்ன வயசு வெள்ளைக்காரப் பெண். ஃப்ரீவேயில் ஏறிக் கொஞ்ச தூரம் போனதும் எல்லா வண்டியும் நின்றுவிட்டது. முன்னால் எங்கோ லாரி கவிழ்ந்துவிட்டதாம். எங்கள் ஊரானால் ரோட்டோரத்துப் புளியமரத்தடியில் இறங்கி நிற்கலாம், ஒரு சைக்கிள்காரரை அனுப்பி விவரம் கேட்கலாம். இங்கே கண்ணுக்கு எட்டிய வரை கார், அதற்கு மேல் காய்ந்த மஞ்சள் மலை. ஆகஸ்ட் மாச வெயில். வேனில் ஏசி வேலை செய்யவில்லை. அரைமணி ஆனது, ஒரு மணி ஆனது. நான் சீட்டில் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன்.

மஹீன் கானும் என் கையைப் பிடித்தார். "ஆப்" என்றார்.

காது கேட்காத மாதிரி இருந்தேன்.

"காஹர், ஆப்."

எங்கள் பக்கம், தாகம் என்றவருக்கு இல்லை என்று சொன்ன வாய் புழுத்துப்போகும் என்பார்கள். எதிரிக்கும் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் சண்டை போடவேண்டும். என் பையில் முழு பாட்டில் தண்ணீர் இருந்தது.

"ந" என்றேன். அந்தப் பேச்சில் நான் சொன்ன முதல் வேண்டாம் அது.

டிரைவர் பெண் திரும்பிப் பார்த்தாள். நல்ல மனசுக்காரி. காலடியில் இருந்த பெட்டியிலிருந்து ஐஸ் ஒட்டிய பாட்டில் ஒன்றை எடுத்து மூடியைத் திறந்து மஹீன் கானும் கையில் கொடுத்தாள். அவர் அதை வாய்க்குக் கொண்டுபோனார். நான் பிடுங்கினேன். பாதித் தண்ணீர் என் சேலையில் கொட்டியது.

அந்தப் பெண் போட்ட சத்தத்தில் எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. வயசான நோயாளியிடம் தண்ணீரைப் பறிக்கிற ராட்சசியாக நான் அவள் கண்ணில் தெரிந்தேன், அது புரிந்தது. "கிட்னி! நோ வாட்டர்! கிட்னி!" என்று கத்தினேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அவ்வளவுதான். அவள் ரேடியோவை எடுத்து யாரிடமோ பேசினாள். கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு என்னைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டிவிட்டு, பெட்டியைத் தன் பக்கம் இழுத்து மூடிக்கொண்டாள்.

மஹீன் கானும் மூன்றாவது தடவை கேட்டார். இந்தத் தடவை ஆப் என்ற சொல்லோடு கூட வேறு சொற்களும் வந்தன, என் நோட்டில் இல்லாதவை. அர்த்தம் தெரியாவிட்டாலும் திட்டு என்று தெரிந்தது. அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. நான் முந்தானையின் ஓரத்தை நனைத்து அவர் உதட்டைத் துடைத்தேன். நனைந்த துணியைப் பல்லால் கடித்து உறிஞ்சினார். குழந்தை வாயிலிருந்து மண்ணை எடுப்பது மாதிரி விரலை விட்டு அதை இழுத்தேன். அதற்குப் பிறகு அவர் என் பக்கம் திரும்பவில்லை. எனக்கும் நாக்கு வறண்டு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பாட்டிலைத் தொடவில்லை. அவர் எதிரில் எப்படிக் குடிப்பது?

இரண்டு மணி நேரத்துக்கு மேலானது வண்டி நகர. போய்ச் சேர்ந்ததும் நிறுத்துப் பார்த்தார்கள். போன வெள்ளிக்கிழமையைவிட ஐந்தரை கிலோ கூட. எல்லாம் தண்ணீர். ஓடிவந்து மூக்கில் குழாய் மாட்டினார்கள், மெஷினைப் பூட்டினார்கள். டாக்டர் வந்து நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டுவிட்டு ஃபரீதாவிடம் ஏதோ சொன்னார். ஃபரீதா என்னிடம் வந்தாள். தன் நெஞ்சில் கையை வைத்து, மெல்ல மேலே உயர்த்தித் தொண்டைக்குழி வரை கொண்டுவந்தாள். "ஆப்" என்றாள். அவ்வளவு தூரம் ஏறியிருந்ததாம். இன்னும் ஒரு விரல் அளவுதான் மிச்சம் என்று காட்டினாள்.

நான் ஹாலைவிட்டு வெளியே போய்ச் சுவரோரம் நின்று அந்தப் பாட்டிலைக் காலிசெய்தேன்.

உள்ளே வந்தபிறகும் மஹீன் கானும் கண்ணை மூடியபடியே இருந்தார். தூங்கவில்லை, இமை துடித்தது. நாலு மணி நேரம், அதற்கு மேல் இன்னும் அரைமணி. நான் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். அன்றைக்கு எந்த நர்ஸும் என்னை உட்காரச் சொல்லவில்லை. பெஹ்ரூஸுக்குப் போன் போயிருந்தது, அவரும் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டிருந்தார். இனி இவர் என்னைக் காஹர் என்று கூப்பிடமாட்டார் என்று நினைத்துக்கொண்டேன். சரி, கூப்பிடாவிட்டால் போகட்டும். மூச்சு சீராக வந்தது, அது போதும்.

முடிகிற நேரத்தில் ஃபரீதா காகிதம் சொருகிய அட்டையோடு வந்து, வழக்கம்போல் நெஞ்சில் கை வைத்து, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டாள்.

மஹீன் கானும் கண்ணைத் திறந்தார். நெஞ்சில் கை வைக்கவில்லை. நீ நலமா, அம்மா நலமா என்று கேட்கவில்லை. ஊசி குத்தாத கையைத் தூக்கி, நேராக என்னைக் காட்டினார்.

"ஆப் நதாத்!" என்றார். ஹால் முழுக்கக் கேட்டது. பக்கத்து நாற்காலிக்காரர் டிவியிலிருந்து தலையைத் திருப்பினார்.

நதாத் என்ற சொல் என் நோட்டில் இல்லை. ஆனால் அதற்கு எனக்கு அர்த்தம் சொல்ல யாரும் வேண்டியிருக்கவில்லை. தண்ணீர் கொடுக்கவில்லை இவள்.

ஃபரீதா சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான், அவர் பேசட்டும் என்று சைகை காட்டினேன். மஹீன் கானும் பேசினார். நஃபஸ் என்றார், நெஞ்சைக் குத்திக் காட்டினார். தர்த் என்று முழங்காலைக் காட்டினார், முதுகைக் காட்டினார். வரம் என்று கண்ணுக்குக் கீழே தொட்டுக் காட்டினார். சனிக்கிழமையிலிருந்து என்றார், விரல்விட்டு டீ டம்ளர்களை எண்ணினார். ஒரு கை முடிந்து மறுகைக்குப் போக முடியாமல், ஊசி குத்தியிருந்ததால், எண்ணிய விரல்களையே மறுபடியும் எண்ணினார். ஃபரீதா சிரிப்பதை நிறுத்திவிட்டு வேகவேகமாக எழுதினாள். காகிதம் நிறைந்தது. திருப்பிப் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். மஹீன் கானும் நிறுத்துவதாக இல்லை.